வழிபாட்டொலியும் அயலார் அமைதியும்

ஓசையின்றி உலகியல் நடைபெறாது. மடை பாயும் நீரின் ஓசையும், நாற்று நடுவோர் பாட்டோசையும், களத்தில் நெல்லடிப்போர் ஆரவாரமும் ஒருங்கு கூடியதே காவிரிநாடு. இவ்வுண்மையை நன்குணர்ந்த நம் முன்னோர், ஒவ்வொரு நிலத்திற்குமுரிய கருப்பொருளை வகுக்குங்கால் தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் புள்ளையும் கூறியதனோடு அமையாது, அந்நிலத்திற்குரிய பறையையும் சேர்த்து வகுத்தனர். மருதநிலத்திற்கு நெல்லரிகிணையும் மணமுழவும் உரியன என்பர். இதனால் நாம் அறியக்கிடப்பது யாது? ஓசைக்கு இடமும் உண்டு, காலமும் உண்டு. இவ்விரண்டினும் பொருந்தியது இசை எனப்படும். இவ்விரண்டினும் வழுவியது இரைச்சல் எனப்படும். இவ்வளவுகோலைக் கைக்கொண்டு, இந்நாளில் நம் ஊர்களில் பொதுவிடங்களிற் பரவும் சமய ஒலிகளைப்பற்றியும், அவற்றை வரையறுக்கும் சட்டங்களைப்பற்றியும் சில சொல்லத் துணிந்தோம்.

எமக்கு நன்கு தெரிந்த ஊர் நீடாமங்கலம். ஆதலின் அவ்வூரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் கோரையாற்றுத் தலைப்பின் அருகே, நெல்வயல் சூழ அமைந்த ஊர் அது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் தம் தேவியார் யமுனாம்பாள் பெயரால் ஆங்கொரு சத்திரம் அமைத்தமையின், யமுனாம்பாள்புரம் என்னும் பெயரும் அவ்வூர்க்கு வழங்கிற்று. சந்தானராமர் கோயிலும் அம்மன்னர் காலத்ததே. புகைவண்டிப் பாதை தஞ்சையினின்றும் வந்து, ஒரு கிளை திருவாரூர்க்கும் ஒரு கிளை மன்னார்குடிக்குமாகப் பிரிவதும் ஆங்கேதான். இவை யாவினும் மேலாக, இசையுலகில் அவ்வூரின் பெயரை நிலைநிறுத்தியவர் தவிற்பேரறிஞர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள். ஓசையின் பெருமையை அறியாத ஊரன்று நீடாமங்கலம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இத்தகைய ஊரில் இன்று கேட்கப்படுவது யாது? மார்கழி பிறந்தால் வைகறைக்கு முன்பே கோயிற்கோபுரத்துக் கூம்புகள் முழங்குகின்றன. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலின் கூம்புகள் முழங்குகின்றன. கிறிஸ்துமஸ் காலத்தில் தேவாலயத்தார் பின்வாங்குவதில்லை. ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் வேளாங்கண்ணி நோக்கி நடந்து செல்லும் யாத்திரிகர் கூட்டங்கள் தஞ்சைச் சாலை வழியே வருங்கால், முன்னே செல்லும் வண்டியில் மாதாவின் திருவுருவமும், அதன் இருமருங்கும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளும் காணப்படுகின்றன. இவற்றோடு காதணி விழாவும், திருமணமும், அரசியற் கூட்டமும், பேருந்துகளின் காற்றொலிப்பானும் கூடினால், நோயாளிக்கு உறக்கம் ஏது? தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு மனவொருமை ஏது? நாள் முழுதும் சேற்றில் நின்று நடவு நட்டு, மறுநாள் விடியுமுன் எழவேண்டிய உழைப்பாளிப் பெண்ணுக்கு ஓய்வுதான் ஏது?

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது. வழிபாட்டையோ, வழிபாட்டில் எழும் இசையையோ யாம் குறைகூற வந்திலோம். நாகசுரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே அமைந்த கருவிகள். வீதியுலாவில் இரண்டு தெருவுக்கப்பாலும் கேட்கத்தக்க வன்மை அவற்றிற்கு இயல்பாகவே உண்டு. கோயின்மணியும் தேவாலயமணியும் அத்தன்மையனவே. பாங்கு கூறுவோரின் குரல் மனிதக்குரல். அக்குரல் எட்டுந் தொலைவுக்கு ஓர் எல்லையுண்டு. எல்லையுடைய ஒலியை ஊர் தாங்கும், அதனோடு பழகும், நாளடைவில் அதனை நேசிக்கவும் செய்யும். எல்லையற்றது இயந்திரம் ஒன்றே. ஆற்றல் மிக்க தவிலின் முன்னே ஒலிவாங்கியை நட்டு, அதனைப் பத்துக் கூம்புகளின் வழியே வெளியேற்றுதல் அக்கலைக்குச் செய்யும் பெருமையன்று. அதன் நுட்பங்களையெல்லாம் ஒரே பேரிரைச்சலாக்கி அழிக்கும் சிறுமையாகும்.

ஒலிபற்றிய வழக்கு இயந்திரத்தோடு பிறந்ததன்று. 1851-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரையடுத்த கிளாப்பம் என்னுமிடத்தில், கத்தோலிக்க குருமார் தம் ஆலயமணியை நாள்தோறும் விடியற்காலை முதலே பலமுறை அடித்துவந்தனர். அடுத்த வீட்டார் வழக்குத் தொடுத்தார். மன்றம் அவர்க்குச் சார்பாகத் தடையாணை வழங்கிற்று. கிறிஸ்தவ நாடொன்றில், கிறிஸ்தவ ஆலயத்தின் மணியைக் கிறிஸ்தவ நீதிபதியே அடக்கிவைத்தார் என்பது கருதற்பாலது. இந்தியாவில், ஐக்கிய மாகாணத்து ஔரங்காபாதில் ஷியா முஸ்லிம்கள் தம் துக்க ஊர்வலத்தில் ஸுன்னி முஸ்லிம்களின் பள்ளிவாசலருகே நின்று புலம்புதல் பற்றி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. பொதுவீதியிற் சமய ஊர்வலத்தை அதற்குரிய முறைகளோடு நடத்தும் உரிமை உண்டென்றும், ஆயின் அது பொதுமக்களின் உரிமைக்கும் நீதிபரிபாலன அதிகாரியின் ஆணைக்கும் உட்பட்டதென்றும் 1924-இல் தீர்ப்பாயிற்று. இவ்விரண்டு வழக்கினும் இருதிறத்தாரும் ஒரே சமயப்பெயர் தாங்கியவர்களே. ஒலிப்பூசல் எப்பொழுதும் இருவேறு சமயங்களுக்கிடையே நிகழ்வதென்று கருதுவோர் இதனை உன்னுவாராக.

நிற்க. நம் தமிழ்நாட்டில் எழுந்து, இந்திய நாடு முழுமைக்கும் நெறியாக அமைந்த வழக்கொன்று உளது. அது நம்மவரைப் பற்றியதாதலின் நாமே எடுத்துரைத்தல் முறையாகும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையையடுத்த குடியிருப்பொன்றில் பெந்தெகொஸ்தே சபையாரின் ஜெபவீடு ஒன்று இருந்தது. முரசுத் தொகுதியும் கித்தாரும் முதலாய கருவிகளோடு, ஒலிபெருக்கி வாயிலாக ஆராதனை நடைபெற்றுவந்தது. அருகில் வாழ்வோரின் நலச்சங்கத்தார் உயர்நீதிமன்றத்தை அணுகினர். சாலையில் ஓடும் வண்டிகளாலேயே இரைச்சல் மிகுதி என்று அதிகாரிகளின் அறிக்கைகள் சபைக்குச் சார்பாகக் கூறின. உயர்நீதிமன்றமோ, வண்டிகளின் இரைச்சலையும் கட்டுப்படுத்துக, சபையாரின் ஒலிபெருக்கியையும் தாழ்த்துக என்று இருபுறமும் ஒப்பக் கட்டளையிட்டது. அதனை ஏலாது சபையார் உச்சநீதிமன்றம் சென்றனர்; சமயவுரிமை பறிபோகின்றதென்றும், சிறுபான்மையோர் என்பதனாலேயே தாம் துன்புறுத்தப்படுவதாகவும் வாதிட்டனர்.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அம்முறையீட்டைத் தள்ளிற்று. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடவேண்டுமென்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை; ஒலிபெருக்கியும் முரசும் கொண்டே ஜெபிக்கவேண்டுமென்றும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். முதியோர், பிணியாளர், மாணவர், உறங்கும் குழந்தைகள் ஆகியோரின் உரிமையும் உரிமையே என்று நீதிபதிகள் வற்புறுத்தினர். ஒலிவிதிகள் ஐயத்திற்கிடமின்றி இருந்தும், மக்களும் அதிகாரிகளும் அவற்றை அறியாதிருத்தலை எண்ணி வருந்தினர். கால்நூற்றாண்டு கழிந்தும் அவ்வருத்தம் நீடாமங்கலம் போன்ற ஊர்களுக்குப் பொருந்துவதாகவே உளது.

அவ்விதிகள்தாம் யாவை? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடுவணரசு ஒலிமாசு ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. குடியிருப்புப் பகுதியிற் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். வாணிகப் பகுதியிற் பகலில் 65, இரவில் 55 என்று அவை வரையறுக்கின்றன. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல், எஞ்சியது இரவு. இவ்வெண்களைக் காண்போர் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. டெசிபெல் என்பது படி நாழி போலக் கூட்டிக்கொண்டே செல்லும் அளவன்று; 10 டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும்; 20 ஏறினால் நூறு மடங்காகும். ஆதலின், 45 இருக்கவேண்டிய இடத்தில் 75 ஒலித்தால், அது சற்று மிகையன்று. ஆயிரம் மடங்கு மிகை.

எழுத்து வடிவிலான அனுமதியின்றி ஒலிபெருக்கியை வைத்தல் கூடாதென்பதும், மூடிய அரங்கினுள்ளன்றி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதனை இயக்குதல் கூடாதென்பதும் அவ்விதிகளின் உயிர்நாடி. பொதுவிடத்தின் எல்லையில் அப்பகுதிக்குரிய அளவினும் 10 டெசிபெல்லோ, மொத்தத்தில் 75 டெசிபெல்லோ, இரண்டனுள் குறைந்தது எதுவோ அதனைக் கடத்தலாகாது. சமயவிழா, கலைவிழாக்களுக்கென ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்களிக்கலாம். பொது ஆபத்துக் காலத்திற்கும் விலக்குண்டு. மாவட்ட ஆட்சித் தலைவரோ, காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ இவற்றைச் செயற்படுத்தும் பொறுப்பாளராக நியமிக்கப்படலாம். இவ்விதிகளில் எந்தச் சமயத்தின் பெயரும் இல்லை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேற்றுமையும் இல்லை. காதுக்குச் சமயமில்லை என்பதை உணர்ந்தோரே இவற்றை இயற்றியிருத்தல் வேண்டும்.

இவ்விதிகளை உறுதிப்படுத்தி 2005-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் உச்சநீதிமன்றம் விரிவானதொரு தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் ஒரு பொறியாளர். அவரைத் தூண்டியது ஒரு செய்தித்தாட் குறிப்பு. கொடியோனொருவனால் கெடுக்கப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தி உதவி வேண்டிக் கதறிய குரல், அண்டையில் முழங்கிய ஒலிபெருக்கியில் அமிழ்ந்து, ஒருவர் செவிக்கும் எட்டாது போயிற்று என்பதே அக்குறிப்பு. அன்பர்களே, ஒலிபெருக்கியைச் சிறு தொல்லையென்று கருதுவோர்க்கு இதனினும் வேறு விடை யாம் கூறவேண்டுமோ? பேசுவோர்க்குப் பேசும் உரிமை உண்டாயின், கேளாதிருக்க விரும்புவோர்க்குக் கேளாதிருக்கும் உரிமையும் உண்டு என்று அத்தீர்ப்பு அறுதியிட்டது. கண்ணை மூடிக்கொள்ள இமை உண்டு. செவிக்கு இமை இல்லை. ஆதலின் செவிக்குரிய காவலைச் சட்டந்தான் செய்தல்வேண்டும்.

இனி, எதிர்வாதங்களை ஆராய்வோம். முதலாவது, சட்டம் எல்லார்மீதும் ஒப்ப ஏவப்படுவதில்லை; எண்ணிக்கையிற் சிறியோர்மீதே முதலிற் பாய்கின்றது என்பது. சென்னைச் சபையார் கூறியதும் இதுவே. இவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதென்று யாம் கூறோம். பள்ளிவாசலுக்கோ ஜெபவீட்டுக்கோ மட்டும் அளவுகருவியைத் தூக்கிச் செல்லும் அதிகாரி, அரசியற் கூட்டத்திலும் செல்வர் வீட்டுத் திருமணத்திலும் அதனை உறையிலிட்டு வைப்பாராயின், அவர் காப்பது அமைதியையன்று. ஆயினும், பிறர்மேற் சட்டம் ஏவப்படவில்லை என்பது, யாம் அயலாரை வருத்துவதற்கு நியாயமாகாது. ஒப்ப ஏவுக என்று கேட்கும் உரிமை, தான் முதலில் அதற்கு உடன்படுவோனுக்கே வலிமையாக அமையும். தன் கூம்பை இறக்கியவன் பிறன் கூம்பைச் சுட்டிக்காட்டலாம். இறக்காதவன் சுட்டினால் அது பூசலாய் முடியும்.

இரண்டாவது, இவ்வொலிகள் ஊரின் மரபு. அவற்றை அடக்கினால் ஊரே ஊமையாய்விடும் என்பது. மரபு என்னும் சொல்லுக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆயின் மரபென்று காட்டப்படுவது மணியும் முழவும் குரலுமே யன்றி மின்கூம்பன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனங்கள் இன்றும் தமிழகத் தேவாலயங்களில் பாடப்படுகின்றன. அவர் 1864-இல் மறைந்தார். அவர்தம் வாழ்நாளில் ஒலிபெருக்கி என்பதொன்று இல்லை. இயந்திரத்தின் துணையின்றியே நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது அவ்விசை. ஆழ்வார் பாசுரங்களும் நாயன்மார் தேவாரமும் அங்ஙனமே. நெஞ்சிலிருந்து நெஞ்சுக்குச் சென்ற பாட்டுக்குக் கூம்பு வேண்டியிருந்ததில்லை.

கடல்கடந்த தமிழர் வாழும் நாடுகளையும் சிறிது நோக்குவோம். இலங்கையில் 2007-ஆம் ஆண்டு, வெலிகமை ஊர்ப் பள்ளிவாசலொன்றைப் பற்றிய வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென்னும் பொதுநெறியை அந்நாட்டு உச்சநீதிமன்றம் எல்லார்க்கும் வகுத்தது. சிங்கப்பூரில் 1970-களில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உள்நோக்கித் திருப்பப்பட்டன. பாங்கு வானொலி வாயிலாக வீடுதோறும் சென்றது. அதே நாட்டில் 1973 முதல் தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் இசைக்கருவிகள் தடுக்கப்பட்டிருந்தன. அதனால் தமிழர் மனம் நொந்ததும் உண்மை. 2016-இல் வழியிற் சிலவிடங்களில் நேரிசைக்கு இசைவு கிடைத்தது. இவ்விரண்டினின்றும் நாம் அறியத்தக்கது, அடக்கமும் ஓர் அளவுக்குட்பட்டதாதல் வேண்டும் என்பது. இயந்திரத்தை உள்நோக்கித் திருப்பியது நன்று. காவடியின் இசையையே வாயடைத்தது மிகை. அதனைத் தளர்த்தியது நன்று. ஒலியை ஒழித்தல் நம் நோக்கமன்று; ஒலியை அளவோடு நிறுத்தலே நம் நோக்கம்.

கிறிஸ்தவ மாணவராகிய நமக்கு இதில் தனிக்கடமையொன்று உண்டு. ஜெபிக்கும்போது வீதிச்சந்தியில் நின்று மனிதர் காணச் செய்யாது, அறைக்குட் சென்று கதவை அடைத்துக்கொள்க என்பதன்றோ நம் ஆண்டவர் போதனை? எலியா தீர்க்கர் இறைவனைப் பெருங்காற்றிலும் காணவில்லை, நிலநடுக்கத்திலும் காணவில்லை, நெருப்பிலும் காணவில்லை; மெல்லிய ஓசையிலேயே கண்டார் என்பதன்றோ நம் வேதவரலாறு? அயலானை நேசிக்க வேண்டுமென்று பிரசங்கித்துக்கொண்டே, அவ்வயலானின் பிணியுற்ற தாயை உறங்கவொட்டாது செய்யும் பிரசங்கம் தன்னைத்தானே மறுத்துக்கொள்வதாகும். மேலும் ஒன்று: நம் ஆலயத்தருகே வாழும் இந்து அன்பரோ முஸ்லிம் அன்பரோ இரைச்சலால் துன்புற்றாலும், வாய்திறக்க அஞ்சுகின்றனர். வாய்திறந்தால் சமயப்பகை என்று கொள்ளப்படும் என்னும் அச்சமே காரணம். அவ்வாறே கோயிலருகே வாழும் கிறிஸ்தவரும் அஞ்சுகின்றனர். இங்ஙனம் ஒருவர்க்கொருவர் பொறுத்துக்கொள்வதாகக் காட்டி உள்ளத்தே புழுங்கும் நிலையை ஒற்றுமை என்று கூறுதல் தகாது. அடக்கிய புழுக்கம் ஒருநாள் சிறுபொறியாற் பெருந்தீயாகும்.

தமிழ் பயில்வோராகிய நமக்கோ வேறோர் ஆசிரியரும் உளர். அகநானூற்று நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகின்றார். கார்காலம் வந்தது, காதலி காத்திருக்கின்றாள், அவன் தேரேறி விரைந்து வருகின்றான். வழியிற் பூக்களில் தாதுண்ணும் வண்டுகள் மணியோசையால் கலங்கும் என்று அஞ்சி, தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். அவனுக்குத் தேருண்டு, மணியுண்டு, வழியும் அவனுடையதே, அவனைத் தடுக்கும் சட்டம் ஒன்றுமில்லை. எனினும் சிறு வண்டின் பொருட்டுத் தன் மகிழ்ச்சியின் ஓசையைத் தானே அடக்கினான். வண்டுக்காக மணியைக் கட்டிய மரபில் வந்த நாம், மனிதர்க்காகக் கூம்பை இறக்கத் தயங்குவோமாயின், தமிழ் பயின்றோம் என்று கூறிக்கொள்வதிற் பயன் யாது?

செயலில் வாராத கருத்து வீண். ஆதலின் நீடாமங்கலத்திற்கும் அதனையொத்த ஊர்களுக்கும் சில வழிகளைக் கூறுவோம். முதலாவது, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகிய மூன்றன் பொறுப்பாளரும் ஒருங்கு கூடி, கூம்புகளை இறக்கிவிட்டு, உட்புறம் நோக்கிய சிறு பெட்டிகளை வைத்துக்கொள்வதென்று ஒரே நாளில் முடிவுசெய்க. ஒரே நாளிற் செய்தால் தோற்றவர் என்று ஒருவரும் இரார். இரண்டாவது, விழாக்களுக்குப் பெற்ற அனுமதியைக் கால அளவோடு வாயிலில் எல்லாரும் காண ஒட்டுக. மூன்றாவது, மாணவர் பொதுத்தேர்வு எழுதும் திங்களில் திறந்தவெளி ஒலிபெருக்கி வேண்டா என்று ஊரார் தாமே விலக்கிக்கொள்க. நான்காவது, அதிகாரிகள் ஒரே அளவுகருவியை ஊர்வலத்திற்கும், கட்சிக்கூட்டத்திற்கும், திரைப்பாட்டு முழங்கும் திருமணத்திற்கும், பேருந்தின் காற்றொலிப்பானுக்கும் ஒப்பப் பயன்படுத்துக; முறையிடுவோர் பெயரை வெளியிடாது காக்க.

இவற்றால் ஊருக்கு வேறொரு நன்மையும் உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கஜா புயல் இந்நாட்டைச் சூறையாடியதை நாம் மறந்திலோம். வெள்ளமும் புயலும் அடிக்கடி வரும் ஆற்றுமுகநாடு இது. ஆபத்தை அறிவிக்கும் ஒலிபெருக்கி முழங்குங்கால் மக்கள் செவிசாய்த்தல்வேண்டும். நாள்தோறும் காரணமின்றி முழங்குவதைக் கேட்டுப் பழகிய செவி, காரணத்தோடு முழங்குவதையும் கேளாது விடும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று ஆசிரியராகவும், குருமாராகவும், அரசாங்க அதிகாரிகளாகவும் உள்ளனர். அவர்களையும், உடன் பயிலும் தோழர்களையும் யாம் வேண்டுவது இதுவே. எதிர்வரும் கிறிஸ்துமஸ் காலத்தில் நம் பாடகர் குழுக்கள் கீதம் பாடி வீடுவீடாகச் செல்லுங்கால், மின்னாக்கியும் ஒலிபெருக்கியும் ஏற்றிய வண்டியை விட்டு, கையில் விளக்கும் நாவிற் பாட்டும் மட்டும் ஏந்திச் செல்வோமாக. கதவு திறந்து வருவோர் கேட்கட்டும், உறங்குவோர் உறங்கட்டும். பிற சமயத்தாரும் இதனைக் கண்டு தாமாகவே தம் ஓசையை அளவுபடுத்துவர் என்பது எம் துணிபு. அவர் செய்யினும் செய்யாவிடினும், நம் கடமை நம்முடையதே. எல்லாச் செவிகளையும் படைத்த இறைவன், மெல்லக் கூறுவதையும் கேட்க வல்லவன் என்னும் நம்பிக்கை நம்மிடையே நிலைபெறுக.